பாயச வாளியில் உங்கள் பச்சைப் புள்ளி

அன்புள்ள பெரியப்பா,

நேற்று திருநின்றவூரில் ஒரு பாயச வாளியைப் பார்த்து, பக்கத்தில் யாருமே இல்லாதபோது, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

சங்கரி அக்காவின் குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழா. உங்கள் மகள் இப்போது ஒரு மகளுக்கு அம்மா, நீங்கள் தாத்தா. அக்கா வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் மனையில் பந்தல் போட்டு, அதன் ஓரமாகச் சமையல் நடந்துகொண்டிருந்தது. நான் கை கழுவக் குழாயைத் தேடிப் போனபோது ஏலக்காய் வாசனை வந்தது. வாடகைப் பாத்திரங்களுக்கு நடுவே ஒரு எவர்சில்வர் வாளி. விளிம்புவரை பருப்புப் பாயசம், மேலே நெய்யில் வறுத்த முந்திரி. வாளியின் காதுக்குக் கீழே, பச்சை எனாமல் பெயிண்டில், சுண்டைக்காய் அளவுக்கு ஒரு புள்ளி. கீழ்ப்பக்கம் பெயிண்ட் வழிந்து புள்ளிக்கு ஒரு வால் முளைத்திருந்தது. பிரஷ்ஷில் எப்போதும் தேவைக்கு மேல் பெயிண்ட் எடுப்பவர் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான்.

பச்சைப் புள்ளி என்றால் இது எனக்கு ஆகும் என்று அர்த்தம். பாயசமோ, எனக்கு ஆகவே ஆகாத பொருள்களில் தலைமைப் பொருள். இரண்டும் ஒரே வாளியில் இருந்தால் சிரிக்காமல் என்ன செய்வது? சிரித்து முடித்ததும் கண் கொஞ்சம் கலங்கியது. அதனால்தான் இன்று, பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில், உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் பிறந்த அன்று எனக்குச் சேனை வைத்தவர் நீங்கள். விருதுநகர் பக்கத்திலிருந்து ஆவடி தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்து, குவார்ட்டர்ஸில் பாதி ஆயுளைக் கழித்தும், ஊர்ப் பழக்கத்தில் நீங்கள் விடாமல் வைத்திருந்தவற்றில் அதுவும் ஒன்று. பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பவர் யாரோ, அவருடைய குணம்தான் குழந்தைக்கு வரும் என்பது நம் வீட்டு நம்பிக்கை. "என் குணம் வந்தா என்ன குறைச்சல்? பிள்ளை வாயாடியா, தைரியமா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே தொட்டு வைத்தீர்களாம். நான் முகத்தைக் கோணிக்கொண்டு துப்பினேனாம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

சில மாதம் கழித்து எனக்கு வாழைப்பழம் மசித்துக் கொடுக்க ஆரம்பித்தபோது யாரும் சிரிக்கவில்லை. பழம் கொடுத்தால் வாந்தி. சர்க்கரை போட்ட கஞ்சி கொடுத்தால் வேர்த்துக் கொட்டி, துவண்டு தூங்கிப்போவேனாம். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ மருத்துவர்களைப் பார்த்த பிறகு, நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில்தான் காரணம் தெரிந்தது. பழத்திலும் தேனிலும் சில காய்களிலும் நாம் காபிக்குப் போடும் சர்க்கரையிலும் ஃபிரக்டோஸ் என்று ஒன்று இருக்கிறது. அதைக் கையாள ஈரலில் இருக்க வேண்டிய நொதி என் உடம்பில் சரியாக வேலை செய்வதில்லை. பிறவியிலேயே அப்படி. அந்தச் சர்க்கரை உள்ளே போனால் ஈரல் கெடும், ரத்தத்தில் குளுக்கோஸ் சட்டென்று இறங்கும். மருந்து கிடையாது. சாப்பாடுதான் மருந்து. ஆகாததை விலக்கிவிட்டால் நானும் மற்ற பிள்ளைகளைப் போலத்தான்.

இது பரம்பரையாக வருவது என்று கேட்டதும் நீங்கள் குதித்ததை அம்மா இன்றும் நடித்துக் காட்டுவாள். "எங்க வம்சத்துல ஒருத்தனுக்கும் கிடையாது. வெல்லப்பாகைக் கரண்டியால குடிச்ச ஆளுங்க நாங்க!" மருத்துவர் பொறுமையாக, அப்பா வழியிலிருந்து ஒன்றும் அம்மா வழியிலிருந்து ஒன்றும் சேர்ந்தால்தான் இது வரும், ஒன்று மட்டும் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்று விளக்கியிருக்கிறார். அன்று மாலை நீங்கள் நாங்கள் குடியிருக்கும் மாடிக்கு ஏறி வந்து, அம்மா முகத்தைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டே, "பாதி நம்ம வீட்டுச் சரக்குதானாம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்களாம். அம்மா அதை மன்னிப்பு என்றே வரவு வைத்துக்கொண்டாள்.

எனக்கு இனிப்பு கிடைக்காத வருத்தம் எப்போதும் இருந்ததில்லை. இதை யாரும் நம்பமாட்டார்கள். இனிப்பு வாசனையே எனக்குக் குமட்டும். நீங்களாவது நம்பினீர்கள், ஏனென்றால் பள்ளியில் பல் பரிசோதனைக்கு வந்த டாக்டரம்மா என் வாயைப் பார்த்து, "ஒரு சொத்தைகூட இல்லையே, என்ன பேஸ்ட் போடறே?" என்று கேட்டதைச் சொன்னபோது நீங்கள்தான் தெருவெல்லாம் பெருமை பேசினீர்கள். உங்கள் பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினீர்கள் என்பது வேறு விஷயம்.

எனக்கு இருந்த குறை வேறு. பந்தி.

கல்யாணமோ காதுகுத்தோ, எனக்கு வீட்டிலேயே சாதம் ஊட்டித்தான் அழைத்துப் போவார்கள். சாம்பாரில் வெல்லம் இருக்கலாம், ரசத்தில் புளியும் தக்காளியும் இருக்கும், கூட்டில் என்ன போட்டார்களோ தெரியாது. எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது நான் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் புத்தகம் படித்துக்கொண்டிருப்பேன். "பாப்பா சாப்பிடலையா?" என்று பரிமாறுபவர் கேட்பார். "அது சாப்பிடாதுங்க" என்று யாராவது சொல்வார்கள். அது. மேசை, நாற்காலியைச் சொல்வதுபோல. எனக்குப் புத்தகம் பிடிக்கும். ஆனால் அந்த நாற்காலியில் படித்த எந்தப் புத்தகத்தின் கதையும் எனக்கு நினைவில்லை. முன்னால் இருக்கும் வரிசையில் யார் யாரிடம் அப்பளம் பிடுங்கினார்கள் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஒருநாள் திருமுல்லைவாயிலில், நம் தெருவிலேயே, ஒரு வளைகாப்பில் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தீர்கள். வீட்டுக்கு வரும் வழியில், "சங்கரி கல்யாணத்துல நீ முதல் பந்தியில உட்காருதே தாயி. எழுதி வச்சுக்கோ" என்றீர்கள். எனக்கு அப்போது அது, என்னை ஆகாய விமானம் ஓட்டச் சொன்னது போல இருந்தது.

அதற்குப் பிறகுதான் உங்களுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. ஓய்வு பெறுவதற்கு முன்னால் தொழிற்சாலையில் எடுத்த பரிசோதனையில் வந்தது. வீடே சோகமாக உட்கார்ந்திருக்க, நீங்கள் மட்டும் என்னைத் தேடி மாடிக்கு வந்தீர்கள்.

"ஏ தாயி, இனிமே நீ தனி ஆள் இல்ல. எனக்கும் சீனி கட். நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி!"

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பெரியம்மா உங்களுக்கு ஆகாத சர்க்கரையை வீட்டுக்கே வாங்காமல் நிறுத்தினாள். தானும் சாப்பிடுவதை விட்டாள். கட்சிக்கு மூன்றாவது உறுப்பினர். அப்போது யாருக்கும் தோன்றவில்லை, உங்கள் கட்சிக்கும் என் கட்சிக்கும் கொள்கையே வேறு என்று.

ஒரு சனிக்கிழமை அம்மா அம்பத்தூரில் வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. நீங்கள் ஒரு அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தீர்கள். உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய சர்க்கரையில்லா பர்ஃபி. "கடைக்காரன்கிட்ட நாலு தரம் கேட்டுட்டேன். ஒரு துளி சீனி கிடையாது. நமக்குன்னே செஞ்சது" என்றீர்கள். எனக்கு அதன் வாசனையே பிடிக்கவில்லை. ஆனால் நீங்கள் எதிரே உட்கார்ந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லி, இருவரும் ஒரே நேரத்தில் வாயில் போட வேண்டும் என்றீர்கள். உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்காக நான் விழுங்கினேன். இன்னொன்றும் விழுங்கினேன்.

சர்க்கரைக்குப் பதிலாக அதில் சார்பிட்டால் போட்டிருந்தார்கள். உங்கள் கட்சிக்காரர்களுக்காகச் செய்தது அது. என் உடம்புக்குள் போனால் அது ஃபிரக்டோஸாகவே மாறிவிடும்.

வாந்தி எடுத்ததும் வேர்த்ததும் நினைவிருக்கிறது. ஆட்டோவில் உங்கள் மடியில் கிடந்ததும், "ஏறிப் போப்பா, ஏறிப் போ, முன்னால போறவன் தள்ளிக்கிடுவான்" என்று நீங்கள் ஆட்டோக்காரரை விரட்டியதும் நினைவிருக்கிறது. மருத்துவமனையில் கண் திறந்தபோது உங்கள் குரல்தான் கேட்டது. அந்தத் தளத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

"சக்கரையே ஆகாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க, இப்ப குளுக்கோஸ் பாட்டில் ஏத்துறீங்க! என்னம்மா இது, வெளயாடுறீங்களா?"

"சார், குளுக்கோஸ் குறைஞ்சதாலதான் குழந்தை மயங்கியிருக்கு. இதுதான் அவளுக்கு இப்ப வேணும்" என்றார் அந்த இளம் மருத்துவர்.

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு எதுக்கு சார்? உங்களுக்கு அது ஆகாது."

"அவளுக்கு ஆகுது, எனக்கு ஆகாது. எனக்கு ஆகுறது அவளுக்கு ஆகாது. இது எந்த ஊர் நியாயம்?"

நான் சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து நீங்கள் அழுதீர்கள். உங்களை அதற்கு முன்னும் பின்னும் அப்படி நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நீங்கள் மாடிப்பக்கமே வரவில்லை. அம்மா ஒருநாள் டம்ளரில் உங்கள் சர்க்கரையில்லாக் காபியை ஊற்றி என் கையில் கொடுத்து, "போய் உங்க பெரியப்பா எந்த மூலையில ஒளிஞ்சிருக்காருன்னு பாரு" என்று அனுப்பினாள். நீங்கள் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தீர்கள். "சேனை வச்ச கையும் இதுதான், பர்ஃபி கொடுத்த கையும் இதுதான் தாயி" என்றீர்கள். சேனைத் தண்ணீரால் வந்ததில்லை, பிறக்கும்போதே இருந்தது என்று மருத்துவர் சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன். நீங்கள் நம்பிய மாதிரி தெரியவில்லை. அதனால் தரையில் சாக்பீஸால் இரண்டு வட்டம் வரைந்து, கை கோத்துக்கொண்ட மாதிரி ஒரு கோடு போட்டேன். இந்த வட்டம் குளுக்கோஸ், அந்த வட்டம் ஃபிரக்டோஸ், இரண்டும் கை கோத்தால் சீனி. உங்களுக்கு இந்த வட்டம்தான் முதல் எதிரி. எனக்கு அந்த வட்டம் மட்டும்தான் எதிரி, இந்த வட்டம் சிநேகிதி.

நீங்கள் வெகுநேரம் அந்தக் கோட்டையே பார்த்தீர்கள். "அப்ப நாம ஒரே கட்சி இல்லியா?" என்று கேட்டபோது குரல் அவ்வளவு சின்னதாக இருந்தது.

"இல்ல பெரியப்பா. கூட்டணி."

காபி மூக்கில் ஏறும்படி சிரித்தீர்கள். கூட்டணி அன்றே தொடங்கிவிட்டது.

நீங்கள் வேலை பார்த்தது பரிசோதனைப் பிரிவில். தேறிய உதிரிபாகத்துக்குப் பச்சைப் புள்ளி, தேறாததற்குச் சிவப்பு. புள்ளி இல்லாமல் எதுவும் அடுத்த மேசைக்குப் போகக் கூடாது. அந்தப் பழக்கத்தை நேராக நம் சமையலறைக்குக் கொண்டுவந்தீர்கள். ஹார்டுவேர் கடையில் குட்டி டப்பாக்களாக எனாமல் பெயிண்ட் வாங்கி, எனக்கு ஆகும் பொருளுக்குப் பச்சை, உங்களுக்கு ஆகும் பொருளுக்கு மஞ்சள், இருவருக்கும் ஆகாததற்குச் சிவப்பு என்று மேலும் கீழுமாக இரண்டு வீட்டு டப்பாக்களிலும் வைத்துத் தள்ளினீர்கள். பாசிப்பருப்பு, உளுந்து, மிளகு டப்பாக்கள் பச்சையும் மஞ்சளுமாக மினுங்கின. அரிசிக்குப் பச்சை, பெரியம்மா உங்களை முறைத்ததால் மஞ்சள் இல்லை. குளுக்கோஸ் டப்பாவுக்குப் பச்சை. வெந்தயத்துக்கு மஞ்சள். வெல்லத்துக்கும் தேனுக்கும் சிவப்பு. அந்த பர்ஃபி பெட்டியைத் தூக்கிப் போடாமல், சிவப்பாகவே மெழுகிப் பரண்மேல் வைத்தீர்கள். முட்டைகளைக்கூட விடவில்லை. ஒவ்வொரு முட்டைக்கும் பச்சைப் பொட்டு. "அத்தான், முட்டைக்கு எதுக்கு அத்தான்? முட்டைன்னு பாத்தாலே தெரியுதே!" என்று அம்மா கேட்டதற்கு, "புள்ளி இல்லாம எதுவும் அடுத்த மேசைக்குப் போகக் கூடாதும்மா" என்றீர்கள்.

சங்கரி அக்கா கல்யாணம் பூந்தமல்லியில். நீங்கள் மாப்பிள்ளை வீட்டாருடன் பேசியதைவிடச் சமையல் மாஸ்டருடன் பேசியதுதான் அதிகம். குத்தம்பாக்கத்துக்காரர், உருண்டையான மனிதர், காதில் பென்சில். முந்தின நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

"இன்னா சார், சாம்பார்ல கொஞ்சூண்டு வெல்லம் போடாம எப்டி சார்? டேஸ்டே வராது."

"போடுய்யா, உன்னை யாரு போட வேண்டாம்னது? வெல்லம் போடறதுக்கு முன்னாடி வெந்த பருப்பை இவளுக்குத் தனியா எடுத்து வை. சாதம், நெய், தயிர். வடையில வெங்காயமும் தேங்காயும் போடாம ரெண்டு. உருளைக்கிழங்கை உப்பும் மிளகும் போட்டு வறு."

"பாப்பாவுக்கு இந்த வயசுலயே சுகரா சார்? ஐய, பாவம்."

"சுகர் எனக்கு. இவளுக்கு வேற."

"ரெண்டு பேர்ல யாருக்கு சார் நான் சமைக்கணும்? தலைய சுத்துது."

"அதுக்குத்தான் இதைக் கொண்டாந்திருக்கேன்" என்று பையிலிருந்து பச்சை டப்பாவை எடுத்தீர்கள். மாஸ்டர் கத்துவதற்குள் ஒரு வாளி, இரண்டு தூக்கு, ஒரு கரண்டி எல்லாவற்றிலும் புள்ளி விழுந்துவிட்டது. "சார், சார்! வாடகைப் பாத்திரம் சார்! கடைக்காரன் என்னைக் கொன்னுடுவான் சார்!" உங்களுக்கு ஆகாத வார்த்தை எதுவும் உங்கள் காதில் விழுந்ததே இல்லை.

மறுநாள் முதல் பந்தி. என் முன்னால் ஒரு வாழை இலை, தண்ணீர் தெளித்து, பளபளவென்று. பந்தியில் முதலில் வருவது இனிப்பு. பரிமாறும் அண்ணன் ஜாங்கிரித் தட்டோடு வந்தார். மாஸ்டர் அவரிடம் சொல்லி வைத்திருந்தார், நீங்களும் சொல்லி வைத்திருந்தீர்கள், இருந்தும் என் இலை ஓரத்தில் பாகு சொட்டச் சொட்ட ஒரு ஜாங்கிரி விழுந்துவிட்டது. அவ்வளவுதான், திரும்பவும் பிளாஸ்டிக் நாற்காலி என்று நினைத்தேன். நீங்களோ இரண்டு கையாலும் என் இலையை உங்கள் பக்கம் இழுத்து, இன்னும் எதுவும் விழாத உங்கள் இலையை என் முன்னால் தள்ளிவிட்டீர்கள். பிறகு சுற்றிலும் பார்த்து, "இலையில விழுந்ததை எடுத்துக் கீழ போட்டா நல்லாயிருக்காதே" என்று பெரிய சங்கடத்தோடு சொல்லி, ஜாங்கிரியை மூன்றே கடியில் முடித்தீர்கள். எதிர் வரிசையில் பெரியம்மா உங்களை ஒரு பார்வை பார்த்தாள். நீங்கள் அப்பளத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் எனக்கு. பச்சைப் புள்ளி வாளியிலிருந்து சாதம், பச்சைப் புள்ளித் தூக்கிலிருந்து பருப்பு. வலப்பக்கம் இருந்த ஒரு சின்னப் பெண் என் அப்பளத்தைப் பிடுங்கினாள். நான் திருப்பிப் பிடுங்கினேன். அதுதான் என் வாழ்க்கையில் நான் சாப்பிட்ட முதல் பந்தி.

போன ஆடியில் ஒரு காலை, நடைப்பயிற்சி முடித்து வந்து, பெரியம்மாவிடம் தண்ணீர் கேட்டு, அது வருவதற்குள் போய்விட்டீர்கள். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் அதிகம் எழுத எனக்கு இஷ்டமில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அதன் பிறகு வந்த விசேஷங்களில் நான் பழைய நாற்காலிக்கே போய்விட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் போய் நின்று, வாயைத் திறந்து கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அம்மா கேட்பாள், ஆனால் மெதுவாகக் கேட்பாள். மெதுவாகக் கேட்டால் சமையல்காரர்கள் "ஒண்ணும் ஆகாதும்மா, கொஞ்சம் சாப்பிடட்டும்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

நேற்றும் என் பையில் டிபன் பாக்ஸும் ஒரு புத்தகமும் இருந்தன. அக்கா குழந்தையை என் மடியில் போட்டு, "சேனை வைக்கக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. இல்லாட்டி உன்னைத்தான் வைக்கச் சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு, "அப்பா இருந்தா நீ இன்னிக்கு முதல் பந்தி" என்றாள். நான் கை கழுவி வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அப்போதுதான் அந்த வாளி.

நான் சிரித்த சத்தம் கேட்டு, அடுப்புக்குப் பின்னாலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். உருண்டையான மனிதர், காதில் பென்சில்.

"இன்னா கண்ணு, பாயசத்தப் பாத்து சிரிக்கிற? எறும்பு எதுனா கீதா?"

"இல்ல மாஸ்டர். இந்தப் பச்சைப் புள்ளி..."

"அத்த ஏன் கேக்கற! ஒரு பெயிண்ட்டு சார் வெச்சது. எத்தினி தபா தேச்சாலும் போவல. கடைக்காரன் இன்னும் என்னத்தான் திட்டிகினு கீறான். அது எங்கெங்கயோ சுத்திட்டு திரும்பி எங்கிட்டயே வரும்." சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நின்றார். "ஏய், நீ அந்தப் பருப்பு பாப்பா தான? சாரு எங்க?"

சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரியான ஆளும்மா உங்க பெரியப்பா. அன்னிக்கு பந்திக்கு முன்னாடி என்னாண்ட வந்து காதுல சொல்றாரு: 'யோவ், பாப்பா இலையில மொதல்ல ஒரே ஒரு ஜாங்கிரிய தெரியாம வெக்கிற மாதிரி வெக்கச் சொல்லு, மீதிய நான் பாத்துக்கிறேன்'னு. என் பையன் பயந்துட்டான். 'இத்தனை நாளா வீட்ல எனக்கு ஒண்ணும் தரல, பொண்ணு கல்யாணம்யா, ஒண்ணே ஒண்ணு'ன்றாரு. பாவம்னு வெச்சோம்."

பெரியப்பா! அந்தச் சங்கடமான முகம்! இலையில் விழுந்ததைப் பற்றிய அந்த நல்ல பேச்சு! நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே அந்த வாளியை மறுபடி பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. உங்கள் புள்ளி அப்படியே இருக்கிறது. உள்ளே இருப்பதோ பாயசம். இனி எந்தப் பந்தியிலும் புள்ளியைப் பார்த்து நான் உட்கார முடியாது. அந்தப் புள்ளிக்கு முன்னால் எப்போதும் ஒரு குரல் இருந்தது. அதுதான் வேலையைச் செய்தது.

எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மாஸ்டர், சாம்பார்ல வெல்லம் போட்டாச்சா?"

"இப்பதான் போடப் போறேன்."

"போடறதுக்கு முன்னாடி எனக்குப் பருப்பு தனியா எடுத்து வைங்க. வேற கரண்டியால. வடையில தேங்காய் இருக்கா, வெங்காயம் இருக்கா? உருளைக்கிழங்குல என்ன போட்டிருக்கீங்க? அப்பளம் எந்த எண்ணெயில பொரிக்கிறீங்க, இனிப்பு பொரிச்ச எண்ணெயா?"

கடைசிக் கேள்வி உங்களுக்கே தோன்றியிராது. மாஸ்டர் இரண்டு கையையும் தூக்கினார். "போதும் தாயே! சாரு போய்ட்டாருன்ன, எங்க போனாரு? இங்கதான் நின்னு கத்திகினு கீறாரு!"

அம்மா டிபன் பாக்ஸைத் தேடி வந்தபோது நான் முதல் பந்தியில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் என் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, பின்னால் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் தானே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனிப்பு வந்தது. நேற்றும் ஜாங்கிரிதான். பழக்கதோஷத்தில் பரிமாறுபவரின் கை என் இலைப் பக்கம் நீண்டது.

"எனக்கு வேண்டாண்ணா!" வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சொன்னேன். எதிரே இருந்த மாமா, "சுகரா பாப்பா?" என்று கேட்டார். "சுகர் இல்ல மாமா, வேற. சாப்பிட்டு முடிச்சதும் சொல்றேன்" என்றேன். பிறகு, "என்னோடதைப் பெரியம்மாவுக்கு வைங்க" என்றேன்.

பெரியம்மாவின் இலையில் இரண்டு ஜாங்கிரி. உங்களுக்காக இனிப்பை விட்டவள், நீங்கள் போன பிறகும் அதைத் தொடவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று, மாஸ்டர் சொன்ன ரகசியத்தை அவள் காதில் சொன்னேன்.

"இதைச் சொல்ல ஒரு மாஸ்டர் வேணுமா?" என்றாள் பெரியம்மா. "அந்த மனுஷனுக்கு நடிக்கத் தெரியுமா? ஜாங்கிரி வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு கையையும் உன் இலைப் பக்கம் வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியக் கூடாதேன்னு நான்தான் அன்னிக்கு முறைச்சு நடிச்சேன்."

சொல்லிவிட்டு ஒரு ஜாங்கிரியை எடுத்துப் பாதியாகப் பிட்டு வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். "பாகு கொஞ்சம் கம்மி" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, மீதிப் பாதியையும் போட்டுக்கொண்டாள். இரண்டாவதையும் விடவில்லை.

எனக்குச் சூடான சாதம் வந்தது, பருப்பு வந்தது, நெய் வந்தது. பருப்பு வந்த தூக்கில் எந்தப் புள்ளியும் இல்லை. கேட்டு வாங்கியது. நன்றாக இருந்தது பெரியப்பா.

உங்கள் வாளி இன்று பட்டாபிராமிலோ பூந்தமல்லியிலோ ஏதோ ஒரு பந்தியில் சாம்பாரையோ ரசத்தையோ சுமந்துகொண்டிருக்கும். வால் முளைத்த அந்தப் புள்ளியைப் பார்த்து யாராவது இது என்ன என்று கேட்டால், மாஸ்டர் உங்களைத் திட்டிக்கொண்டே கதை சொல்வார். எனக்கு அது இனி வேண்டாம். நீங்கள் அன்று என் நாக்கில் தொட்டு வைத்த சர்க்கரைத் தண்ணீரை நான் துப்பிவிட்டேன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நேற்று அடுப்படியில் நான் கத்தியதைக் கேட்டிருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கூட்டணியில் இன்னும் இருக்கும்,
உங்கள் தாயி